கைதட்டல் விழுந்த ஏலம்

நான் ஏலம் விடுகிறவன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில், படகுகள் வந்து அணையத் தொடங்கும்போது ஆரம்பித்து, வெயில் முதுகில் ஏறும் வரைக்கும் கத்துகிற தொழில். முப்பது வருஷம் கத்தியதில் தொண்டை அரம் மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டில் நான் மெதுவாகக் காப்பி கேட்டால் பக்கத்து வீட்டில் பால் வைப்பார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தை மீன் கட்டித் தருகிற பேப்பரிலும் மனுஷர்கள் வாயிலும் படித்துக்கொண்டேன். யாராவது ஒரு பேச்சு நன்றாகப் பேசிவிட்டால் அன்றைக்கு முழுக்க அதை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பேன்.

இதை நான் கோபத்தில்தான் எழுதுகிறேன். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது சிரிப்பு வந்தால் அது என் வாய்க் கொழுப்பு. கோபம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பக்கம் சுவரில் படம் போடுகிற ஒருவன் இருந்தான். பெயர் தெரியாது. செவுத்துக்காரன் என்போம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அங்கே இருக்கிற கோடவுன் சுவர்களில், அட்டையை வெட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவான். காலையில் பார்த்தால் ஒரு துறைமுகக் கிரேன் குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் களத்தில் ஐஸ் உடைக்கிற ஆள் அதைப் பார்த்துவிட்டு, "இத்த பாரு மாமு, கிரேனுக்கே இழுப்பு வந்துட்ச்சி" என்றான். நிலக்கரித் தூசியில் மூச்சு வாங்குகிற ஊரில் அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பேப்பரிலும் நான் படிக்கவில்லை.

சுவரில் போட்டதைச் சின்னதாக அட்டையிலும் அடிப்பான். ராயபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பாய் ஒருவர் என் தோஸ்து. அவர் ஷெட்டில் மத்தியானம் மேஜை சும்மா இருக்கும். அங்கேதான் அடிப்பான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதன் மேல் மை, ரப்பர் பட்டை வைத்த கட்டையால் ஒரே இழுப்பு. ஒரு நிறம் காய்ந்த பிறகு அடுத்த நிறம். ஸ்கிரீன் பிரிண்ட். அட்டைக்கும் செலவு செய்ய மாட்டான். தப்பாக அச்சாகிப் பாய் ஒதுக்கி வைத்த பத்திரிகை அட்டைகளின் பின்பக்கம்தான் அவனுக்குக் காகிதம். படத்தைத் திருப்பினால் தங்க நிறத்தில் ஒரு பிள்ளையாரும் பாதி முகூர்த்த நேரமும் இருக்கும்.

அடித்ததை அவன் விற்றதில்லை. படத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்கு முதல் அட்டை. மிச்சத்தை அந்தத் தெருவிலேயே வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போவான். எனக்கு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அவன் பகலில் கொடுப்பான், நான் பகலில் தூங்குவேன். அந்தப் பொறாமையில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஒரு நாள் முதல் அவனைக் காணோம். கோவாவுக்குப் போய்விட்டான் என்றார்கள், ஜெர்மனி என்றார்கள். ஆள் காணாமல் போனதும் படத்துக்கு விலை வந்துவிட்டது. பேப்பரில் ஒரு நாள் அந்த இழுப்பு வந்த கிரேன் படம். நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு ஹாலில் ஏலத்துக்கு வருகிறது என்று போட்டிருந்தார்கள். ஏலம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் ஏலத்தில் காது கேட்காதவன்கூட வாங்கலாம். அங்கே இருமினால் நம் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. எண் போட்ட அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். கிரேனை வாங்கிவிட்டேன். அப்போது விலை என் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. அடுத்த ஒன்றரை வருஷத்தில் இன்னும் இரண்டு. அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் படிந்த துணிக்கொடியில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக் காகம் ஒன்று. தண்ணீர் லாரிக் குழாயின் கீழே சோப்புப் போட்டுக் குளிக்கிற கிளீனர் ஒன்று. மூன்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல் அறையில் மாட்டினேன்.

"மீனு வித்து பேப்பரு வாங்கின மொத ஆளு நீதான்யா. மீனுன்னாலும் பூனையாச்சும் வரும்" என்றாள் என் மனைவி.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஹாலில் ஆட்கள் என்னைத் தேடி வந்து கை கொடுத்தார்கள். மீன் ஏலம் விடுகிறவர் படம் சேர்க்கிறார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார்கள். சாக்கலெட் மாதிரி அந்தப் பேச்சை வாயில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். சொந்தம் இல்லை, இருபது வருஷமாக என் களத்துக்கு இறால் கொண்டு வருகிறவர். அவருக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுவார். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. விரல் நுனியில் துள்ளினால் இறால், நெருப்பு மாதிரி குத்தினால் கெளுத்தி.

"கண்ணு மங்கிப்போனா இன்னா நைனா, என் கைக்கு கண்ணு கீது" என்பார். நான் வருஷக்கணக்காக மென்ற பேச்சுகளில் அதுவும் ஒன்று.

செவுத்துக்காரன் காணாமல் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆற்றில் எண்ணெய் வந்தது. எங்கிருந்து வந்தது என்பது இங்கே வேண்டாம், அதற்குத் தனியாகக் கத்த வேண்டியிருக்கும். படகு, வேர், கொக்கு, நாய் எல்லாம் ஒரே கறுப்பு. அந்தத் தெருக்காரர்கள் வாளியையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு போய்க் கையாலேயே அள்ளினார்கள். அக்காவும் நாள்கணக்கில் அள்ளினார். செவுத்துக்காரன் கரையில் நின்று பார்த்திருக்கிறான். அவன் போட்டது முகத்தை இல்லை. இரண்டு உள்ளங்கை மட்டும், முழங்கை வரைக்கும் கறுப்பு வடிகிற மாதிரி. அவன் கடைசியாகப் போட்ட படம் அதுதான் என்கிறார்கள். முதல் அட்டையை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த எண்ணெய்க்குப் பிறகு அக்காவின் கை போய்விட்டது. தோல் வெடித்து ஆறி, திரும்ப வெடித்து, விரல்கள் மரத்துவிட்டன. சூடான டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியாது. இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை. தெருவில் மற்றவர்கள் பிடிப்பதைக் கூடையில் சேர்த்துக் களத்துக்குக் கொண்டு வருவார். அந்தப் படத்தை வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருந்தார். ஆயுத பூஜை அன்றைக்குப் பறிக்கும் அரிவாள்மனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, படத்தில் இருக்கிற வலது உள்ளங்கையிலும் ஒரு பொட்டு வைத்தார். "இத்தினி வருஷம் சோறு போட்டது இதுதான். இத்த வுட்டா நல்லாவா கீது?" என்றார். நான் அன்றைக்குப் பொரி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

சில மாதம் கழித்து அந்தத் தெருக்களுக்கு ஒருவன் வந்தான். தோளில் பை, கையில் கேமரா, பேச்சில் அம்மா அம்மா என்று ஒரே குழைவு. செவுத்துக்காரன் படங்களையெல்லாம் வைத்துக் கண்காட்சி போடுகிறோம், படத்துக்குக் கீழே உங்கள் பெயரை எழுதி வைப்போம், ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றான். வீட்டுக்கு ஒரு ஸ்வீட் பெட்டி, நீங்கள் கண்காட்சிக்கு வந்து போகிற செலவுக்கு என்று ஒரு கவர். கவரைக் கொடுத்ததற்கு இங்கிலீஷ் காகிதத்தில் ஒரு கையெழுத்து. எந்தெந்தத் தெருவில் எத்தனை வாங்கிப் போனான் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு மாதம் ஆகிவிட்டது, ஒரு தீபாவளியும் போய்விட்டது.

அக்காவின் கையை நான் என் கைபேசியில்தான் மறுபடி பார்த்தேன். அந்த ஹால்காரர்கள் அடுத்த ஏலத்துக்கான பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தார்கள். வலது உள்ளங்கையில் பொட்டு அப்படியே இருந்தது. என் மகள் கீழே இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னாள்: "ஓவியர் தம் விரலால் வைத்த செந்நிறப் புள்ளி. இந்த ஒரு பிரதியில் மட்டுமே காணப்படுவது. எண்ணெயில் கலந்த மனித இரத்தத்தின் குறியீடு."

முதலில் சிரித்துவிட்டேன். அரிவாள்மனைக்கு வைத்த குங்குமத்தின் மிச்சம், ஓவியரின் விரலாம், இரத்தமாம். சிரித்து முடிப்பதற்குள் செருப்பைத் தேடினேன்.

அக்காவிடம் காட்டினேன். கைபேசியை முகத்துக்கு அருகில் கொண்டு போய் வெகுநேரம் பார்த்தார்.

"என் பொட்டுதான். அவன் எங்க கீறான், அந்த ஸ்வீட்டு பொட்டிக்காரன்?"

ஹாலுக்குப் போன் செய்தோம். விற்பனைப் பத்திரம் கையெழுத்தோடு முறையாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்தக் கவர்தான் விலையாம். ஸ்டேஷனுக்குப் போனோம். "கையெழுத்து உன்துதானேம்மா?" என்று ஒரே கேள்வி. ஆமாம் என்றார் அக்கா. அதோடு முடிந்தது.

வெளியில் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா டம்ளரை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்திருந்தார், பிடி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டு.

"எனுக்கு வேற ஒண்ணியும் வோணாம் நைனா. இந்த கை போச்சி. அந்தக் கை வூட்டுல கீட்டும். அத்த மட்டும் இட்டாந்துடு."

"வுடுக்கா, நான் பாத்துக்கறேன். ஏலம் எனுக்கு இன்னா புச்சா?" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மாதாமாதம் கட்டி வந்த சீட்டைத் தள்ளி எடுத்தேன். இது வரைக்கும்தான் போக முடியும் என்று ஒரு கடைசி எண்ணை மனதில் போட்டுக்கொண்டேன்.

இங்கே எங்கள் களத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது இல்லாமல் நான் செய்த தப்பு விளங்காது. ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் கூடைக்குள் கையை வைத்து, "வூட்டுக்கு" என்று சொன்னால், மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். வீட்டில் கல்யாணம், பிரசவம், பதினாறாம் நாள் சாப்பாடு, ஏதோ ஒன்று. விற்று லாபம் பார்க்க இல்லை, சொந்த வீட்டுக்கு என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் ஒரு ரூபாய் ஏற்ற மாட்டார்கள். ஏலம் விடுகிறவன் அன்றைய நியாயமான விலையைச் சொல்லிக் கூடையைத் தள்ளிவிடுவான். எவ்வளவு பெரிய வியாபாரியாக இருந்தாலும் சரி. வீட்டுக்கு என்று பொய் சொல்லி வாங்கி வெளியே விற்றவனுக்கு அந்த வருஷம் முழுக்க ஒருத்தரும் மீன் தர மாட்டார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அதை மீறின ஆளை நான் விரல்விட்டுக்கூட எண்ண வேண்டியதில்லை.

ஏலத்தன்று அக்காவும் வருவேன் என்றார். பீரோவில் இருந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றார். "பொண்ணு பாக்க போறியாக்கா?" என்றேன். "என் கைய பாக்க போறேன்டா, பேமானி" என்றார்.

ஹாலில் குளிர் எலும்பைப் பிடித்தது. அக்கா முந்தானையைப் போர்த்திக்கொண்டார். படம் மேடையில் ஒரு முக்காலிச் சட்டத்தில், விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மா சின்ன மரச் சுத்தியோடு நின்று ஏலம் விட்டார். குரலே உயரவில்லை. தொழில் தெரிந்தவர்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

அக்காவின் படம் வந்தது. அட்டையைத் தூக்கினேன். இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். ஏறியது. ஒருவர் விட்டுவிட்டார். முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் என்னோடு. அவர் தூக்குவார், நான் தூக்குவேன். அவர் முகத்தில் களைப்பு தெரிந்தது, இன்னும் இரண்டு படி போனால் விட்டுவிடுவார். முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதானே என் தொழில். என் கடைசி எண்ணுக்கு இன்னும் மூன்று படி இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

நான் எழுந்து நின்றேன். உள்ளங்கையை நீட்டி, "வூட்டுக்கு!" என்றேன்.

களத்துக் குரல். அந்த ஹாலில் அது வெடி மாதிரி விழுந்தது. ஒரு அம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டார்.

சுத்தி வைத்திருந்த அம்மா சிரித்த முகத்தோடு, "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"இது வித்து லாபம் பாக்க இல்லம்மா. வூட்டுக்கு கேக்குறோம். இது இவங்க கை. இவங்க வூட்டு செவுத்துல இருந்த படம். அந்த செவப்பு புள்ளி படம் போட்டவன் வெச்சது இல்ல, இவங்க பூஜைல வெச்ச பொட்டு. தோ, இவங்கதான். அதனால மத்தவங்க கொஞ்சம் வுட்டுக் குடுங்க."

மேடையில் அவர் பக்கத்தில் நின்ற பெண் இதை மைக்கில் இங்கிலீஷில் சொன்னாள். நன்றாகவே சொல்லியிருப்பாள். ஹால் முழுக்க ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. சுத்தி அம்மா அக்காவைப் பார்த்து, மெதுவாக, மரியாதையாக, "அம்மா, உங்க கையைக் கொஞ்சம் காட்ட முடியுமா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். காட்டுக்கா என்று நான்தான் தலையை ஆட்டினேன். கூடையில் கை வைப்பது மாதிரி ஒன்று இங்கேயும் உண்டு போலிருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்தோம். அக்கா எழுந்து, போர்த்தியிருந்த முந்தானையை விலக்கி, வெடித்துக் கறுத்த இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

கைதட்டினார்கள். மழை மாதிரி. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"குட்த்துட்டாங்களா நைனா?" என்றார் அக்கா. கை இன்னும் மேலேதான் இருந்தது.

நானும் சிரித்தேன். ஒரு கணம் நானும் அப்படித்தான் நம்பினேன். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே முன் வரிசைக்காரர் அட்டை உயர்ந்தது. களைப்பெல்லாம் போய்விட்டது. பின்னால் இன்னொரு அட்டை. சுவரோரம் போனில் பேசிக்கொண்டிருந்த பெண் கையைத் தூக்கினாள். அதுவரை சும்மா இருந்த இரண்டு பேர் தூக்கினார்கள். என் கடைசி எண்ணை அவர்கள் நின்றுகூடப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். அக்காவின் கையைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் அக்காவின் கை வேண்டியிருந்தது.

சுத்தி விழுந்தது. முன் வரிசைக்காரருக்குத்தான். அவருக்கும் ஒரு கைதட்டல்.

முப்பது வருஷம் எத்தனையோ கூடைக்கு விலை ஏற்றியிருக்கிறேன். ஒரு சொல்லால் அவ்வளவு ஏற்றியதில்லை. எடுத்தவரை இன்னும் கொஞ்சம் கெட்டவராக எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அப்படி இல்லை. வெளிக்கூடத்தில் எங்களைத் தேடி வந்தார். கை கூப்பினார். இந்தப் படத்தை மிகவும் மதித்துப் பாதுகாப்பேன் என்றார். பிறகு, படத்துக்குப் பக்கத்தில் அம்மா கையை நீட்டி நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்காவுக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் சொன்னபடி திரும்ப ஹாலுக்குள் படத்தின் அருகே போய் நின்று, கையை நீட்டி, சிரித்தார். படத்தை நம்மிடம் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு ஒரு போட்டோ என்று நினைத்திருக்கிறார்.

நான் அருகில் போய்ச் சொன்னேன். "அக்கா, நமக்கு இல்ல. அவரு எட்துட்டாரு."

அக்கா கையை இறக்கிப் புடவைக்குள் சுற்றிக்கொண்டார். போட்டோ கேட்டவரைப் பார்த்து, "ஒரு ஜோடி வாங்கினல்ல, பத்தலையா?" என்றார். மைக்கில் இங்கிலீஷ் சொன்ன பெண் அங்கேயும் கூட நின்றாள், இதை மட்டும் அவள் இங்கிலீஷில் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ் ராயபுரம் தாண்டியது. நான்தான் தாங்க முடியாமல் ஆரம்பித்தேன். திருட்டுப் பசங்க, இது ஏலமா, வழிப்பறி, நம்ம களத்தில் இவர்கள் ஒரு நாள் நிற்க முடியுமா என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"நிறுத்துறியா?" என்றார் அக்கா. "அவங்க யாருன்னே எனுக்கு தெர்யாது. நீதான் எழுந்து என் கைய காட்ட சொன்ன."

வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது.

"உன் வூட்டுல மாட்டிக்கிறியே மூணு," என்றார் அக்கா, "அதெல்லாம் எவ வூட்டுது?"

"அக்கா, அது நான் ஏலத்துல முறையா எட்த்தது. பில்லு கீது."

"அவனும்தான் பில்லு வெச்சிக்கிறான்."

அவர் நிறுத்தம் வந்தது. பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். வரேன் என்று சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அக்கா மேலேயே வந்தது. சீட்டுத் தள்ளி எடுத்து, வேலையை விட்டுவிட்டு அலைந்தவனுக்கு இதுவா பேச்சு என்று என் மனைவியிடம் புலம்பினேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "கேள்விக்கு பதில சொல்லு" என்றாள். மூன்று படத்தையும் இறக்கினேன். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றித் திருப்பினேன். கிரேனின் பின்னால் பிள்ளையாரும் முகூர்த்தமும், நான்கு மூலையிலும் பழைய செல்லோடேப். டேப்பில் நீலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் அப்படியே உரிந்து வந்திருந்தது. கிளீனரின் பின்னால் பென்சிலில் ஒரு பால் கணக்கு. ஒன்றரை வருஷம் இந்தப் படங்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை.

ராயபுரம் பாயிடம் போய்க் கேட்டேன். "அவன் ஒரு அட்டையும் விக்கலயே பாய், அப்போ ஏலத்துக்கு எப்டி வந்திருக்கும்?"

பாய் காய வைத்த பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார், "நீ இத்த மூணு படம் வாங்கினதுக்கு அப்பால கேக்குற. மொத படத்துக்கே கேட்டிருந்தா, வூடு வூடா வாங்கினு போனவன் வித்ததுன்னு சொல்லியிருப்பேன். வாங்கின சந்தோஷத்துல இருந்த, நானும் வுட்டுட்டேன்."

படகுகள் கடலுக்குப் போகாத நாள்களில் படங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு எண்ணூர்த் தெருக்களில் போகிறேன். வாசல் வாசலாக இது உங்களதா என்று கேட்பது சுலபமில்லை. நானும் ஸ்வீட் பெட்டிக்காரன்தான் என்று நினைத்து ஒரு அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கிளீனரை மட்டும் ஒரு வீட்டில் அடையாளம் கண்டார்கள். பால் கணக்கைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண், "என் எழுத்து" என்று பிடுங்கிக்கொண்டாள். படத்தில் குளிப்பவன் அவள் தம்பி.

"எங்க இருந்திச்சி இது?"

"எங்க வூட்டுல."

"உன் வூட்டுலயா? இத்தினி நாளா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாங்க தேடாத எடம் இல்ல." கதவைச் சாத்திக்கொண்டாள். நான் எதைச் சொன்னாலும் பில் இருக்கிறது என்பதில்தான் போய் முடியும்.

அக்காவின் கை போன இடம் போனதுதான். முன் வரிசைக்காரருக்கு என் மகள் இரண்டு கடிதம் எழுதிவிட்டாள். படத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்வதில் மகிழ்ச்சி, அந்தப் புள்ளியின் கதையைப் படத்தோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அதைக் கிழிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அக்கா இப்போது தன் கூடையை என் களத்துக்குக் கொண்டு வருவதில்லை. எனக்குப் பத்தடி தள்ளி நிற்கிற இன்னொரு ஏலக்காரரிடம் வைக்கிறார். நான் சங்கரா மீனுக்குக் கத்திக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் அவர் இறாலுக்கு வேறு குரல் கத்துகிறது. விலை குறைவாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவர்கள்மேல் எரிந்து விழுகிறேன். ஐஸ்காரன் நேற்று, "மாமு, உன் அண்டை ஐஸ் வெச்சா கொதிக்குது" என்றான்.

அப்போது அக்கா காலிக் கூடையோடு அந்தப் பக்கமாகப் போனார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னும் ரெண்டு கீதுல்ல?"

"கீதுக்கா."

"நீல செவுருன்னு தேடுறியாமே. நெட்டுக்குப்பத்துல கேட்டியா?"

"இல்லக்கா."

"கேளு" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்.